அடியார் கூட்டமும் குடிநோய் மீட்சியும்

மானிடப் பிறவி பெறுதற்கரியது என்று சைவ நூல்கள் யாவும் ஒரே குரலிற் கூறுகின்றன. அவ்வரிய பிறவியைப் பெற்றும் தன் கையாலேயே அதனைப் பாழாக்கிக்கொள்ளும் வழிகள் பல. அவற்றுள் கிராமங்களின் வாசலிலே வந்து நிற்பது குடி. தவறணைக் கள்ளிலே தொடங்கிச் சாராயத்திலும் கசிப்பிலும் போய் முடிகின்ற இவ்வழியிலே காணியை ஈடு வைத்தவர்களும், மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்தவர்களும், ஐம்பது வயதை எட்டாமலே ஈரல் கெட்டு மாண்டவர்களும் இல்லாத ஊர் அரிது. குடியின் தீமைகளை மீண்டும் ஒருமுறை எடுத்துரைப்பது இங்கு நோக்கமன்று. அவற்றைக் குடிப்பவரே மற்றவர்களிலும் பார்க்க நன்கறிவார். விட நினைத்தும் விட முடியாதவர் எங்கே போவார், அவருக்கு யார் துணை என்பதே இங்கு சிந்திக்கப்படுவது.

திருநாவுக்கரசு நாயனாரின் வரலாற்றைக் கோயில்தோறும் கேட்டு வளர்ந்தவர்கள் சைவ மக்கள். மருணீக்கியார் என்னும் பிள்ளைப் பெயருடைய அப்பெருமான் சமண சமயம் புகுந்து, தருமசேனர் என்னும் பெயருடன் அங்கே தலைமை பெற்று விளங்கினார். கல்வியிலும் புகழிலும் ஒரு குறையும் இருக்கவில்லை. அவ்வேளையிலே வயிற்றைக் குடைந்தெடுக்கும் சூலை நோய் வந்தது. உடனிருந்தோர் மந்திரம் ஓதினார்கள்; மயிற்பீலியினாலே தடவினார்கள். நோய் ஏறியதே தவிர இறங்கவில்லை. ஈற்றிலே அவர்களும் கைவிட்டு அகன்றார்கள். அப்பொழுதுதான் தமக்கையார் திலகவதியாரின் நினைவு அவருக்கு வந்தது. தமக்கு உணவு சமைப்பவனை இரகசியமாகத் திருவதிகைக்கு அனுப்பித் தம் நிலையைச் சொல்லச் செய்தார். அம்மையாரோ தாம் அவ்விடத்துக்கு வருவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். செய்தி கேட்ட தருமசேனர், அதுவரை உடுத்திருந்த பாயையும் கமண்டலத்தையும் மயிற்பீலியையும் அங்கேயே விட்டு, வெண்துணி உடுத்து, ஒருவரும் அறியாதபடி இரவோடிரவாகத் திருவதிகையை அடைந்து தமக்கையாரின் திருவடிகளிலே வீழ்ந்தார்.

பிரசங்கங்களிலே இதற்கு அடுத்து வரும் திருப்பதிகத்தின் பெருமையே விரித்துப் பேசப்படும். அது தகுந்ததே. ஆயினும் அதற்கு முந்திய அந்த ஓர் இரவிலே, வீட்டில் குடிநோயாளி ஒருவர் உள்ளவர்கள் சற்றே தரித்து நிற்க வேண்டும். பெருங்கல்விமான் ஒருவர் தம்மால் இயலவில்லை என்பதை இன்னொருவருக்குச் சொல்லி அனுப்பிய இரவு அது. திலகவதியார் தம்பியைத் தேடிப் போய் அவர் இருந்த மடத்து வாசலிலே நின்று அழவில்லை. அதேவேளை, வந்து விழுந்தவரிடம் ஏன் போனாய், இத்தனை காலமும் எங்கே இருந்தாய் என்று கணக்குக் கேட்கவும் இல்லை. எழுப்பினார், திருநீறு கொடுத்தார், விடியற்புறத்திலே திருவலகும் திருமெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு தாம் நாள்தோறும் செய்யும் திருத்தொண்டுக்குப் போகும்போது தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார்.

ஊரிலே குடிகாரருக்கு இப்படியா நடக்கிறது? வீட்டார் முதலிலே அழுவார்கள், பிறகு ஏசுவார்கள், அதன் பிறகு கோயிலுக்குக் கொண்டு வருவார்கள். கற்பூரம் ஏற்றி, தலையிலே கை வைத்து, இனித் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்குவார்கள். சத்தியம் செய்பவர் பொய்யாகச் செய்கிறார் என்று எண்ணுவது பெரும் பிழை. அந்த நேரத்திலே அவர் உள்ளம் உருகித்தான் சொல்கிறார். மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ அது உடைகிறது. உடைந்த பின்னர் குடித்த குற்றத்தோடு சுவாமிக்கு முன் சொன்ன வாக்கைப் பொய்யாக்கிய குற்றமும் சேர்ந்து அவரை அழுத்துகிறது. அவர் கோயிற் பக்கம் வருவதையே நிறுத்திவிடுகிறார். துணையில்லாத சத்தியம் சில வேளைகளிலே ஒரு மனிதனைக் கோயிலிலிருந்து தூரத்துக்குத் துரத்திவிடுகிறது.

இன்னொன்றும் கண்கூடு. கொடியேறினால் குடிப்பதில்லை, கந்தசஷ்டி ஆறு நாளும் தொடுவதில்லை என்று இருப்பவர்கள் பலர். தீர்த்தம் முடிந்த அன்றிரவே பழைய இடத்திலே பழைய கூட்டத்தோடு இருப்பார்கள். இதைப் பார்க்கும் ஊரவர், அவன் நினைத்தால் விடுவான், மனமில்லாமல்தான் குடிக்கிறான் என்று முடிவு கட்டுகிறார்கள். விரதகாலத்திலே அவரைக் காத்தது எது? தனி மன உறுதி மட்டுமல்ல. காலையிலே தோய்ந்து கோயிலுக்குப் போதல், சுவாமி காவுதல், மடத்துச் சாப்பாடு, இரவுத் திருவிழா முடியும்வரை நாலு பேரோடு நிற்றல் ஆகிய இவை அனைத்தும் சேர்ந்தே காத்தன. கொடி இறங்கியதும் அந்தக் கூட்டம் கலைகிறது. அவர் தனித்துப் போகிறார். அந்த ஆறு நாளோ பத்து நாளோ கிடைத்த துணையை மிகுதி நாள்களுக்கும் எங்கே பெறுவது என்பதுதான் கேள்வி.

இதற்கு விடை தேடுமுன் ஒரு எச்சரிக்கை அவசியம். நாள் தவறாமல், காலையிலிருந்தே மிகுதியாகக் குடித்துப் பழகிய ஒருவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்தானது. முதல் நாளிலேயே கை நடுங்கும், வியர்க்கும், நித்திரை வராது. ஓரிரு நாளிலே சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலர் நிலை தடுமாறி, இல்லாத பூச்சிகளையும் ஆட்களையும் கண்டு பயந்து அலறுவார்கள். இதைப் பேய் பிடித்தது, செய்வினை என்று எண்ணி நூல் கட்டவும் பார்வை பார்க்கவும் கொண்டு திரிகிற வேளையிலே உயிர் போய்விடக்கூடும். இது வைத்தியர் அறிந்த நோய். வைத்தியசாலையிலே மருந்தும் விற்றமின் ஊசியும் கொடுத்துச் சில நாள்களிலே கடக்கச் செய்யலாம். குடிக்கு அடிமைப்படுதல் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே இடம்பெற்றிருக்கிறது. ஆதலால் முதற்படி அரசாங்க வைத்தியசாலை. திருநீறு பூசிக்கொண்டே வைத்தியரிடம் போகலாம், இரண்டுக்கும் பகையில்லை.

உடல் தேறிய பின்னர்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. இங்கே திருவள்ளுவரைக் கேட்க வேண்டும். கள்ளுண்ணாமை என்னும் 93ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு குறள்களும் அருகருகே வைத்துப் படிக்கத் தக்கவை. ஒன்பதாவது குறள், வெறியில் இருப்பவனுக்கு நியாயம் சொல்லித் திருத்துவது, நீரின் அடியிலே மூழ்கியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவதைப் போன்றது என்கிறது. எத்தனை வீடுகளில் எத்தனை இரவுகள் இந்தத் தீப்பந்தம் வீணாக நனைந்தது! பத்தாவது குறளோ, ஒருவன் தான் குடியாத வேளையிலே குடித்த இன்னொருவனைக் காணும்போது, தன் நிலையும் இதுதானே என்று எண்ண மாட்டானா என்று வினவுகிறது. வெளியே நின்று சொல்லும் புத்தி உள்ளே போகாத இடத்துக்கு, தன்னைப் போன்ற இன்னொருவனைக் காணும் காட்சி போய்ச் சேர்கிறது என்பது இதிலிருந்து கொள்ளக்கூடிய பொருள்.

குறளை அறியாத இருவர் இதே உண்மையை 1935ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகரிலே கண்டார்கள். பில் என்பவர் நியூயோர்க்கிலே பங்குத் தரகராக இருந்து குடியினால் யாவற்றையும் இழந்தவர். 1934 டிசெம்பரிலே வைத்தியசாலையிலிருந்து குடியை விட்டு வெளிவந்தவர். ஐந்து மாதம் கழித்து வியாபார அலுவலாக அக்ரனுக்கு வந்தார். அலுவல் தோற்றது. கையிலே பணம் குறைவு. தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. தங்கிய விடுதியின் மண்டபத்திலே ஒரு பக்கம் மதுச்சாலை. சிரிப்பும் பேச்சும் கேட்கிறது. மறு பக்கம் தொலைபேசி. அருகிலே ஊரிலுள்ள தேவாலயங்களின் பெயர்ப்பட்டியல். இன்னொரு குடிநோயாளியோடு பேசாவிட்டால் அன்று தாம் குடித்துவிடுவோம் என்று அவர் உணர்ந்தார். தொலைபேசியை எடுத்தார். போதகர் ஒருவரும், அவர் கொடுத்த பெயர்களின் வழியாக ஒரு பெண்மணியும் வழிகாட்ட, மறுநாள் பொப் என்னும் அறுவைச் சிகிச்சை வைத்தியர் ஒருவரைச் சந்தித்தார்.

அந்த வைத்தியரும் கடுங்குடிகாரர். மனைவியின் வற்புறுத்தலுக்காகக் கால் மணித்தியாலம் மட்டும் இருப்பதாகச் சொல்லி வந்தவர் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் இருந்து பேசினார். பில் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. தாம் எப்படிக் குடித்தோம், எப்படி விழுந்தோம் என்று தம் கதையைச் சொன்னார். அவ்வளவுதான். வைத்தியர் இடையிலே ஒருமுறை சறுக்கினார். கடைசியாக அவர் குடித்த நாள் 1935 ஜூன் 10. அந்த நாளையே அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் என்னும் கூட்டமைப்பின் பிறந்தநாளாகக் கொள்கிறார்கள். சுருக்கமாக ஏஏ என்பார்கள்; பெயர் வெளிவிடாத குடிநோயாளர் கூட்டம் என்பது அதன் பொருள். இருவராகத் தொடங்கியது இன்று உலகெங்கும் பரந்துள்ளது. 2020ஆம் ஆண்டிலே வைத்திய ஆய்வாளர்கள் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பரிசீலித்தபோது, குடியை அறவே விட்டிருப்பதற்கு இக்கூட்டங்களின் வழி மற்றைய சிகிச்சை முறைகளுக்குக் குறைந்ததல்ல, சிலவற்றிலும் மேலானது என்றே கண்டார்கள். எல்லாருக்கும் பொருந்தும் என்று யாரும் சொல்லவில்லை. ஒருவருக்குப் பொருந்தாவிடில் வைத்தியரோடும் உளவளத்துணையாளரோடும் வேறு வழி பார்க்க வேண்டும்.

சைவ சித்தாந்தம் கற்றோருக்கு இதிலே புதுமை ஒன்றும் தோன்றாது. மெய்கண்ட தேவரின் சிவஞானபோதத்திலே 12ஆம் சூத்திரம், கடைசிச் சூத்திரம், யாருக்காகச் சொல்லப்பட்டது? ஞானம் பெற்று மலம் கழுவப்பட்டவருக்காக. அவருக்கே அடியாரோடு கூடியிரு என்று விதிக்கிறது அது. ஏன்? பெருங்காயம் இருந்த பாண்டத்தைக் கழுவினாலும் வாசனை நின்றுவிடும். தனித்திருந்தால் பழைய வாசனை தலையெடுக்கும். ஞானிக்கே கூட்டம் வேண்டுமானால், நேற்றுச் சாராயத்தை விட்டவருக்கு வேண்டாமா? அந்த அமெரிக்கர்களும் தங்கள் வழியைப் பன்னிரண்டு படிகளாகவே வகுத்தார்கள். எண் ஒத்துப்போனது தற்செயல். அதிலே தத்துவம் தேட வேண்டியதில்லை. முதலாம் படி, குடியின் முன் தன் பலம் செல்லாது என்று ஒப்புக்கொள்வது. தருமசேனர் சமையற்காரனிடம் சொல்லி அனுப்பிய செய்திக்கு அது வெகு தூரத்தில் இல்லை.

இத்தகைய கூட்டத்திலே என்ன நடக்கும் என்று அறியாமலே பலர் பயப்படுகிறார்கள். ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம் இருக்கும். வட்டமாகக் கதிரைகள், அநேகமாகத் தேநீரும் இருக்கும். ஒருவர் நடத்துவார். விரும்பியவர் தம் பெயரைச் சொல்லித் தம் கதையைச் சொல்வார், விரும்பாதவர் கேட்டுக்கொண்டிருக்கலாம். குறுக்கே யாரும் புத்தி சொல்வதில்லை. கட்டணமில்லை, விரும்பினால் தட்டிலே ஏதும் போடலாம். சேர்வதற்கு உள்ள தகுதி ஒன்றே ஒன்று, குடியை விட வேண்டும் என்ற விருப்பம். அங்கே கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது. நோயாளருக்கு மட்டுமான கூட்டங்களும் உண்டு; குடும்பத்தாரும் மற்றையோரும் வந்து பார்க்கக்கூடிய திறந்த கூட்டங்களும் உண்டு. வாழ்நாள் முழுவதும் குடிக்க மாட்டேன் என்று அங்கே யாரும் சத்தியம் வாங்குவதில்லை. இன்றைக்கு மட்டும் குடியாதிரு என்பதே பேச்சு. நாளைக்கு நாளை பார்த்துக்கொள்ளலாம்.

சைவக் குடும்பங்களுக்கு ஓர் ஐயம் எழும். தேவாலயம், போதகர் என்றெல்லாம் வருகிறதே, போனால் மதம் மாற்றிவிடுவார்களோ என்பதே அது. கேட்கவேண்டிய கேள்விதான். இக்கூட்டமைப்பு எந்தச் சமயத்தையும் சாராதது. பன்னிரண்டு படிகளிலே கடவுளைக் குறிப்பிடும் இடங்களுள் இரண்டில், அவரவர் விளங்கிக்கொண்டபடியான கடவுள் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். தேவாலய மண்டபத்திலே கூட்டம் நடந்தாலும், வந்திருப்பவர் அம்பாளை நினைக்கலாம், முருகப்பெருமானை நினைக்கலாம். அங்கே சிவசின்னத்தோடு போய் இருப்பதற்கு யாரும் தடை சொல்வதில்லை. தேவாலய மண்டபம் கிடைத்ததால் அங்கே கூடுகிறார்கள் என்பதையும், அந்த மண்டபத்தைக் கொடுத்தவர்களின் நல்ல மனத்தையும் சைவர்கள் கவனிக்க வேண்டும்.

எங்கே போய்த் தேடுவது? கொழும்பிலே ஏஏ கூட்டங்கள் நடைபெறுகின்றன. கிராமத்தவருக்கு உகந்த முதல் வாசல், கிட்டவுள்ள அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவு. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் அப்பிரிவு உண்டு. மனநலப் பிரிவு என்ற பெயரைக் கண்டு கூச வேண்டாம். அங்கே போய், குடியை விட்டவர்கள் கூடும் இடம் இப்பகுதியிலே எங்கே, என்ன நாள் என்று கேட்கலாம். நேரிலே போகத் தயங்குவோர் அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கும் பேசலாம். கைத்தொலைபேசி வழியாகவும் கணினி வழியாகவும் கூட்டங்கள் நடப்பதால், பஸ் இல்லாத ஊரிலிருப்பவருக்கும் வெளிநாட்டிலே தனித்திருக்கும் பிள்ளைகளுக்கும் அதுவும் ஒரு வழி. முதலாம் நாள் போய் மனம் ஒட்டாவிட்டால் இன்னும் இரண்டு மூன்று தடவை போய்ப் பார்த்த பின்னரே முடிவு செய்வது நல்லது. இயலுமானால் வேறொரு கூட்டத்துக்கும் போய்ப் பார்க்கலாம்.

கிராமத்திலே மறைவு என்பது பெரும் சங்கடம். ஒருவர் ஒரு படலையைத் திறந்தால் நாலு படலைக்குத் தெரியும். தவறணைக்குப் போகும்போது வெட்கப்படாதவர் இக்கூட்டத்துக்குப் போக வெட்கப்படுகிறார். அது அவருடைய குற்றமன்று. தவறணைக்குப் போனவரை ஊர் பகிடி பண்ணுவதில்லை. விட முயன்றவரைப் பார்த்து, என்ன சாமியாராகிவிட்டீரோ, எத்தனை நாளைக்குப் பார்ப்போம் என்று பகிடி பண்ணுகிறது. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் வலிந்து கையிலே கிளாசைக் கொடுக்கிறது. பக்கத்து ஊரிலோ பட்டினத்திலோ உள்ள கூட்டத்துக்குப் போவது இதனாலேயே பலருக்கு இலகு. திருநாவுக்கரசரும் ஒருவரும் அறியாத இரவிலேதான் நடந்தார்.

வீட்டிலுள்ள பெண்களின் நிலை வேறு. அடியும் பசியும் அவமானமும் அவர்களுக்கே முதலில் வந்து சேர்கின்றன. அடித்துத் துன்புறுத்துகிற இடத்திலே பொறுமை காக்கச் சொல்வது தர்மமன்று. தாயும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போக உறவினர் உதவ வேண்டும். குடிநோயாளரின் குடும்பத்தாருக்கென்றே 1951ஆம் ஆண்டிலே பில்லின் மனைவியும் இன்னொரு பெண்மணியும் அல்அனொன் என்னும் கூட்டமைப்பை ஏற்படுத்தினார்கள். தமிழகத்திலே திருமதி சாந்தி ரங்கநாதன் தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். வீட்டுக்குள்ளே முடங்கிவிடாமல், 1980ஆம் ஆண்டிலே சென்னையில் கணவரின் பெயராலேயே ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். நோயாளருடன் மனைவிமாரையும் பெற்றாரையும் இருத்திப் பயிற்சி கொடுப்பது அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. பட்டினத்துக்கு வர முடியாதவருக்காகத் தஞ்சைப் பக்கத்து மஞ்சக்குடி என்னும் கிராமத்துக்கே போய் முகாம் நடத்தினார்கள். ஊருக்குள்ளேயே இருந்து, ஊராரின் துணையோடு, ஊரவர் குடியை விட்டார்கள்.

இது இங்கும் இயலாத காரியமன்று. குடியை விட்டு ஆண்டுக்கணக்காக நிற்கும் பெரியவர்கள் ஊருக்கு ஒருவர் இருவர் இருக்கவே செய்கிறார்கள். கேட்டால் ஒரு கிழமைக்கு ஒரு மாலைப்பொழுது வந்து இருக்க அவர்கள் மறுக்க மாட்டார்கள். வைத்தியசாலை உத்தியோகத்தரும் அழைத்தால் வருவார்கள். மதுக்கடைகள் பூட்டியிருக்கும் போயா தினம் முதற் கூட்டத்துக்கு நல்ல நாள். ஒலிபெருக்கி வேண்டாம், பதாகை வேண்டாம், வந்தவர் யார் என்று பரிபாலன சபைக் கூட்டத்திலே விசாரிக்கவும் வேண்டாம். ஆறு கதிரையும் ஒரு கேத்தில் தேநீரும் போதும். கோயில் வீதியிலுள்ள அன்னதான மடம் திருவிழாக் காலம் தவிர்ந்த மற்றைய நாள்களிலே பூட்டியே கிடக்கிறது. அதன் திறப்பு பரிபாலன சபையாரிடம் இருக்கிறது.